கூப்பிட்டால் போகிறவர்

சோமனூரில் என் கடைக்கு எதிர்வரிசையில்தான் கந்தப்பனின் தறிக்குடோன். நான் விற்பது விசைத்தறிக்கு வேண்டிய உதிரி சாமான்கள். தறியில் ஏதாவது உடைந்தால் என்னிடம் வருவார். மனசு சரியில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார், ஆனால் அதைச் சொல்லமாட்டார். கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்து, எந்த நாளில் எந்த ஊருக்கு மின்தடை என்று சத்தம் போட்டுப் படிப்பார். நாற்பது வருசத் தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். மெதுவாகப் பேசத் தெரியாது. அவர் படிப்பது தெருமுனை பேக்கரி வரைக்கும் கேட்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாதாந்திர மின்தடை என்பது ஒரு நோம்பி, பண்டிகை நாள் மாதிரி. ஜவுளி எடுப்பது, பல் பிடுங்குவது, பொண்ணு பார்ப்பது, பழனிக்குப் போவது எல்லாம் அன்றைக்குத்தான் நடக்கும். ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு ஊர் சுற்ற எங்களுக்கு மனசு வராது. போன மாசியில் கந்தப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வருகிற சனிக்கிழமை கரண்ட் இல்லை, கோழிக்கோட்டுக்குப் போய் ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். நான் கையில் வைத்திருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன். மூன்று வருசமாக அந்த ஊருக்கு நான் அவரைக் கிளப்பப் பார்த்து முடியாமல் போனது.

கோழிக்கோட்டில் அவருடைய தங்கை மகள் பிரவீனா பெண்கள் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்த மனிதரிடம் இருந்த ஒரு வீம்பைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

கந்தப்பன் கூப்பிடாத இடத்துக்குப் போகமாட்டார். கூப்பிடுவது என்றால் போனில் கூப்பிடுவது இல்லை. வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீட்டில் புருசன் பெண்டாட்டி இருவரையும் ஒன்றாக நிற்கச் சொல்லி, வாய் நிறைய ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எல்லோருக்கும் இந்த முறை உண்டு. இப்போது எல்லோரும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டோம். இவர் தளர்த்தவில்லை. அடுத்த தெருவில் அவருடைய பங்காளி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். வாட்ஸப்பில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டு, வேலையில் நேரில் வந்து கூப்பிட மறந்துபோனார். அன்றைக்கு மைக் செட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கந்தப்பன் தன் வீட்டில் தயிர்ச்சோறு தின்றார். ஏன் வரவில்லை என்று பங்காளி வருத்தப்பட்டுக் கேட்டபோது, தறியில் வேலை என்று சொல்லிவிட்டார். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லமாட்டார். அவர் மனைவி ராமாமணிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். “கேட்டு வாங்கினா அது அழைப்பாங்க?” என்பார்.

ஆனால் ஒன்று. முறையாகக் கூப்பிட்டுவிட்டால் அவரைப் போல ஒரு ஆளைப் பார்க்க முடியாது. விடிவதற்கு முன்னால் போய் நிற்பார். சமையல் அண்டாவுக்குக் கை கொடுப்பார். கடைசிப் பந்தியில் கடைசி ஆள் கை கழுவும் வரைக்கும் மண்டபத்தை விட்டு நகரமாட்டார். இதையெல்லாம் செய்ய ஆசைப்படுகிற மனிதர்தான் கூப்பிடவில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அதுதான் எரிச்சல்.

கந்தப்பனுக்கும் ராமாமணிக்கும் பிள்ளை இல்லை. தங்கை ராசாத்தாளின் புருசன் லாரி மோதிச் செத்தபோது பிரவீனா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தாயும் மகளும் கந்தப்பன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான். தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. காது குத்த மடி கொடுப்பதிலிருந்து கல்யாணம் வரைக்கும் முதல் ஆள் அவர்தான். அப்பன் இல்லாத பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் ஆண் பிள்ளைகளோடு ஓடிப் பந்தைப் பிடுங்கியவளைப் பார்த்து, விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கே வந்து பேசினார். ராசாத்தாள் மாட்டேன் என்றாள். கந்தப்பன் சரி என்றார். விடிகாலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குப் போவார். அவள் ஓடி முடிக்கும் வரை வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். முதலில் வாங்கிய பூட்ஸ், வளர்கிற கால் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கியது. உள்ளே துணி அடைத்துப் போட்டுக்கொண்டு ஆடினாள். ஆட்டத்தின் சட்டதிட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. அவளைப் பின்னாலேயே நிறுத்துகிறார்களே, முன்னால் விடமாட்டேன் என்கிறார்களே என்று வாத்தியாரிடம் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டார். வருகிறவர்களை நிறுத்துவதுதான் அவள் வேலை, அவளைத் தாண்டினால் கோல்தான் என்று வாத்தியார் விளக்கிச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே பெருமை. நம் பிள்ளைதான் வாசலில் நிற்கிறது என்று என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் விளையாட்டு ஹாஸ்டலில் வளர்ந்தாள். பிறகு கல்லூரி, பிறகு கேரளத்தில் ஒரு கிளப். லீக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்று சேதி வந்த அன்றைக்குத் தறிக்குடோனில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். முதல் மேட்ச் எப்போது என்பதை அந்தப் பெண் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டாள். “எல்லாரும் வாங்க” என்று எழுதி ஒரு பந்துப் படமும் வைத்திருந்தாள். கந்தப்பன் அதை என்னிடம் காட்டினார். பிறகு போனைப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

நான் விடவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் மேட்ச் மேட்சாகப் போனீர்களே, அப்போது யார் தட்டு வைத்துக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்.

“அப்ப நான் கூட்டிக்கிட்டுப் போனவனுங்க, நரசிம்மலு. இப்ப நான் போறவன்.”

அவளாக ஒரு வார்த்தை கூப்பிட்டாலும் போய்விடலாம் என்று காத்திருந்தார். அவளோ அம்மாவிடம் போனில் பேசிவிட்டு, மாமாவிடமும் சொல்லிவிடுங்கள் என்பாள். ஹாஸ்டலிலும் கேம்ப்பிலும் வளர்ந்த பெண்ணுக்கு வெற்றிலைத் தட்டைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? மூன்று சீசன் அப்படியே போனது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே, அதில் மாமாவுக்குக் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தறிக்காரன் வந்து சிநேகிதிகள் முன்னால் நிற்பது பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும்போல என்று இவர் நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் உயிரை வைத்துக்கொண்டு தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேட்ச்சைப் பார்க்காமல் இருந்தாரா என்றால் இல்லை. தறிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்து யூடியூபில் பார்ப்பார். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பச்சைத் தரையில் எறும்புபோல ஓடுகிற பிள்ளைகளில் அவள் எது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் கீழே விழுந்துவிட்டால் எழுந்து நிற்கும் வரைக்கும் இவருடைய தறிகளில் ஏதாவது ஒன்று நூல் அறுந்து நிற்கும். கவனிக்க ஆள் இருக்காது.

போன தை மாதம் அவள் முழங்காலில் அடிபட்டது. அது மூன்றாவது தடவை. இந்த சீசன் முடிந்ததும் ஆபரேஷன் பண்ண வேண்டும், அதற்குப் பிறகு லீக்கில் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப்போட்டுக்கொண்டு மிச்ச மேட்ச்சுகளை ஆடினாள். கடைசி மேட்ச் சொந்த மைதானத்தில், சனிக்கிழமை. ராசாத்தாள் அழுதுகொண்டே அண்ணனிடம் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மேட்ச்சுக்குப் போகத்தான் அவர் என்னைக் கேட்டது. மின்தடையும் அதே நாளில் வந்தது அவருக்கு நல்ல சகுனமாகப் பட்டது. அடுத்த சில நாட்கள் அவர் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால் ஏதோ கல்யாணத்துக்குப் பொண்ணு அழைக்கப் போகிறவர் என்று நினைத்திருப்பீர்கள். பழைய ஆம்னி வேனைச் சர்வீஸுக்கு விட்டார். பாலக்காடு போய் மண்ணார்க்காடு வழியாகப் போவதா, திருச்சூர் சுற்றிப் போவதா என்று என்னோடு சண்டை போட்டார். நூல் வியாபாரத்தில் பழக்கமான ஒரு மலையாளியிடம் சொல்லி லாட்ஜில் இரண்டு ரூம் பிடித்தார். புது வேட்டி சட்டை எடுத்தார். வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிவிட வேண்டும் என்று ராமாமணியிடம் சொல்லியாகிவிட்டது.

எல்லாம் ஆனது. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தார். படித்த பக்கத்தையே திரும்பவும் படித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தத் தடவை நான் கோபத்தை அடக்கவில்லை. இது அந்தப் பெண்ணுக்குக் கடைசி ஆட்டம், இதற்குப் பிறகு கூப்பிட்டாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, சத்தமில்லாமல் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவோம், நம் வீட்டுப் பிள்ளைக்குப் போய் யாராவது அழைப்பை எதிர்பார்ப்பார்களா என்று கடையில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

“நம்ம ஊட்டுப் புள்ளதானுங்க. மத்தவங்க கூப்பிடலைன்னா தறி வேலைன்னு சொல்லிப்போட்டு இருந்துக்குவேன். இது கூப்பிடலைன்னா எனக்குத் தாங்க மாட்டீங்குதுங்க.”

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போகமாட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவளிடம் நானே பேசிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். வைத்துவிட்டேன்.

ராமாமணி எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. அன்று ராத்திரியே பக்கத்து வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம் விசயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். ராசாத்தாள் அப்போதே மகளுக்குப் போன் போட்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். அணியின் டிராக் சூட், தோளில் பை, வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாள். பிரவீனா என்று அடையாளம் தெரிவதற்குள் என் கடையைத் தாண்டி, பூக்கடையில் நின்று வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டிருந்தாள். பழக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள். வீட்டுக்குப் போய்ப் புடவை கட்டிக்கொண்டு தாயோடு வந்தாள். ராசாத்தாள் கையில் எவர்சில்வர் தட்டு. என்னையும் கூப்பிட்டார்கள். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

தறிக்குடோனிலிருந்து கந்தப்பனை வரவழைத்தார்கள். தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்க வந்தார். வீட்டுக்குள் அவரையும் ராமாமணியையும் சேர்த்து நிற்கவைத்துத் தட்டை நீட்டினாள். என்ன சொல்ல வேண்டும் என்று தாய் சொல்லிக்கொடுத்திருப்பாள்போல. மனப்பாடம் பண்ணிய பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

“மாமா, அத்தை, வர்ற சனிக்கிழமை எனக்குக் கடைசி மேட்ச்சுங்க. நீங்க ரெண்டு பேரும் வந்து முன்னால இருந்து பாத்துக் குடுக்கோணுமுங்க.”

குனிந்து காலைத் தொட முழங்கால் விடவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் குனிந்தாள். கந்தப்பன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு கேம்ப்பில் லீவு கொடுத்தார்களா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். சாப்பிடச் சொன்னார். வேண்டாம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ராத்திரிக்குள் போய்ச் சேர வேண்டும் என்றாள். அவரே வேனை எடுத்துக்கொண்டு அவளைக் கோயமுத்தூர் ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து என் கடையில் பேப்பரைத் தொடவில்லை. “வந்து கூப்பிட்டுப் போட்டாளுங்க” என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தபோது என் எரிச்சலெல்லாம் போய்விட்டது.

சனிக்கிழமை ராசாத்தாளையும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் விடியும் முன்பே கிளம்பினோம். மண்ணார்க்காடு வழிதான் கடைசியில் ஜெயித்தது. மத்தியானத்துக்கெல்லாம் கோழிக்கோடு போய்விட்டோம். லாட்ஜில் குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோலவே ஸ்டேடியத்துக்கு வந்தார். பிரவீனா எங்களுக்கு முன்வரிசையில் இடம் சொல்லி வைத்திருந்தாள். கூட்டம் அதிகமில்லை. மைதானத்தில் அவ்வளவு பச்சையை அவர் நேரில் பார்த்ததில்லை. போனில் சின்னதாகத் தெரிந்தது, இது ஒரு காடு அகலம் இருக்கிறதே என்றார்.

இரண்டு அணியும் வரிசையாக வந்தன. கந்தப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவள் இல்லை. நான் கைகாட்டினேன். கோட்டுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிகளில், மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் குவித்து, வாங்க என்று தலையசைத்தாள். மண்டப வாசலில் சொந்தபந்தம், ஒறம்பரையை வரவேற்கிற மாதிரி. அவரும் கை குவித்தார்.

கால் வலி, அதனால் பிற்பாதியில் இறக்குவார்கள்போல என்று நான் சமாதானம் சொன்னேன். இடைவேளை வரைக்கும் அவர் பந்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாதி ஆரம்பித்து ஒருத்தி இறங்கினாள், இன்னொருத்தி இறங்கினாள். அவள் இறங்கவில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி நடுவில் புகுந்து, தடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஓடிப்போய்க் கோல் போட்டாள். அது பிரவீனா நிற்கிற இடம். ராசாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மலையாளத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மகளும் அதே அணி. கந்தப்பன் அவரிடம், அந்த நாலாம் நம்பர் பிள்ளையை ஏன் இறக்கவில்லை என்று கேட்டார். அவருக்கு மெதுவாகக் கேட்கத் தெரியாதே, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதரும் இவருக்குக் காது மந்தம் என்று புரிந்துகொண்டு சத்தமாகவே பதில் சொன்னார். பாதி மலையாளம், பாதி தமிழ். கேட்காமல் இருக்க வழியே இல்லை.

மேட்ச்சுக்கு முந்தின நாட்களில் கேம்ப்பை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்பது கோச்சின் சட்டமாம். போனால் அந்த மேட்ச் கிடையாது, யாராக இருந்தாலும். இது தெரிந்தே அந்தப் பெண் வியாழக்கிழமை கோச்சிடம் போய்க் கேட்டாளாம். அவர் முடியாது என்றாராம். அழுதுவிட்டு, அப்படியானால் நான் ஆடவில்லை, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். ஊரில் யாரோ மாமனாம். அவரை நேரில் போய்க் கூப்பிட்டால்தான் வருவாராம் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டு, இப்படியும் ஒரு ஆள் இருப்பாரா என்று எங்களைப் பார்த்தார்.

ராமாமணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் கந்தப்பனின் கையைப் பிடித்தேன்.   அதற்குப் பிறகு அவர் நாற்காலியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி விசில் அடித்ததும் பிரவீனா நொண்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். இடுப்பளவு கம்பித் தடுப்பு நடுவில் இருந்தது. சட்டையில் ஒரு துளி மண் இல்லை. சாப்பிட்டீர்களா, ரூம் வசதியாக இருக்கிறதா என்று ராமாமணியிடம் கேட்டாள். கந்தப்பன் இடையில் புகுந்தார்.

“தெரிஞ்சுதான வந்தே, அம்மணி?”

அவளுக்கு விசயம் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை. “தெரியுமுங்க, மாமா.”

“ஆட்டம் போயிருமுன்னு தெரிஞ்சும் என்னையக் கூப்பிட எதுக்குக் கண்ணு வந்தே? நான் பாக்க வந்ததே அந்த ஆட்டத்தத்தான?”

அவள் குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. இத்தனை நாள் தெரியாமல் இருந்த ஒன்றை இப்போது தெரிந்துகொண்டவள் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“கூப்பிடாம நீங்க வரமாட்டீங்கல்லங்க.”

அவர் தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ராசாத்தாள் அண்ணனின் தோளைத் தொட்டாள். புது வேட்டி சட்டையோடு, ஊர் பெயர் தெரியாத அத்தனை பேர் முன்னால், கந்தப்பன் வாய்விட்டு அழுதார்.